எட்டு நிமிடத்தில் இறுகும் உலோகம்

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "மார்வெல் காமிக்ஸில் வரும் அடமாண்டியம் என்ற கற்பனை உலோகம் அழியவே அழியாது என்கிறார்கள். அப்படியானால் இரண்டாம்தர அடமாண்டியம், கார்பனேடியம், பீட்டா அடமாண்டியம் என்று எதற்கு இத்தனை வகை? கதாசிரியர்கள் தங்கள் வசதிக்காகச் சேர்த்துக்கொண்டதா? கேப்டன் அமெரிக்காவின் கேடயம் எந்த உலோகம்? உங்கள் பட்டறைக்கு ஒரு துண்டு அடமாண்டியம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?"

தம்பி, நான் பாம்பனில் லேத் பட்டறை வைத்திருப்பவன். படகு ஷாஃப்ட் கடைவதும், வளைந்ததை நிமிர்த்துவதும், உப்பு தின்றதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைப்பதும் என் வேலை. காமிக்ஸ் அதைவிடப் பழைய பழக்கம். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்த நாளில் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு என் முடிவு இது: அந்த மலிவு வகைகள் ஒட்டுப்போட்டவை அல்ல. இந்தக் கதைகளில் உலோகத்தை உண்மையாகப் புரிந்துகொண்டு எழுதிய பகுதி அவைதான்.

கேடயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாமே அங்கிருந்துதான் பிறக்கிறது. திரைப்படங்களில் அது முழுக்க வைப்ரேனியம் என்ற இன்னொரு கற்பனை உலோகம். காமிக்ஸில் அப்படி அல்ல. கதைப்படி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாக்டர் மைரன் மக்லைன் என்ற உலோகவியலாளர் பீரங்கி வண்டிக்குத் துளைபடாத கவசம் செய்ய முயல்கிறார். வைப்ரேனியத்தை இரும்புக் கலவையோடு சேர்க்கப் பார்க்கிறார்; சேரவில்லை. பல நாள் தூக்கமின்றி உழைத்தவர் ஓர் இரவு கண்ணயர்ந்துவிடுகிறார். அந்த நேரத்தில் ஏதோ ஒரு பொருள் உலைக்குள் கலந்து, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எழுந்து பார்த்தால் உலோகம் இருக்கிறது, கலந்த பொருள் என்ன என்பது மட்டும் தெரியவில்லை. அந்த ஒரே வார்ப்புதான் வட்டக் கேடயம். பின்னாளில் ரசிகர்கள் அதை மூல அடமாண்டியம் என்ற பொருளில் குறிப்பிடத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு மக்லைன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தக் கலவையைத் திரும்பச் செய்யவே செலவழிக்கிறார். அப்படிக் கிடைத்ததுதான் அசல் அடமாண்டியம். 1969 ஜூலையில் வந்த அவெஞ்சர்ஸ் 66ஆம் இதழில், ராய் தாமஸ் எழுத்திலும் பாரி ஸ்மித் ஓவியத்திலும், அல்ட்ரான் என்ற இயந்திரனின் உடலாக அது முதன்முதலில் வாசகர்முன் வந்தது. ஆக, எதையும் வெட்டும் அந்தப் புகழ்பெற்ற உலோகமே ஒரு நகல். கேடயத்தைச் செய்ய முயன்று, அதற்குச் சற்றுக் கீழே நின்றுபோன முயற்சி. வலிமை குறைந்த வகைகள் பிற்பாடு வந்தன என்று நீங்கள் நினைத்திருந்தால், அடமாண்டியமே முதல் குறைந்த வகை என்பதை நினைவில் வையுங்கள்.

உலைக்குள் தற்செயலாக விழுந்த பொருள் என்பதைச் சிலர் பிள்ளைத்தனமான கற்பனை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் நாட்டு உருக்குக்கே அது நடந்திருக்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது, உலோகம் உருக்கும் சிறு மண் குடுவையில் இரும்பை உருக்கி எஃகு செய்த உலைகள் கிடைத்தன. அந்த வகைத் தென்னாட்டு எஃகுதான் மேற்கே போய் டமாஸ்கஸ் வாளாயிற்று. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயருக்கு 'உருக்கு' என்ற சொல்லோடு உறவு உண்டு என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, மின்சார ஆய்வுகளால் புகழ்பெறுவதற்கு முன், 1819 முதல் சில ஆண்டுகள் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்த எஃகைத் திரும்பச் செய்யப் பாடுபட்டார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தேடினார். அலுமினா, சிலிக்கா என்று தவறாகக் கணித்தார். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் பிளாட்டினம், வெள்ளி, நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாக எஃகோடு சேர்த்துப் பார்த்ததில் கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கே பாதை போட்டுவிட்டார். 1990களில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, அந்த வாள்களின் அலைவரிக்குக் காரணம் தாதுவிலேயே மிகச் சிறு அளவில் இருந்த வனேடியம் போன்ற கலப்புகள் என்று காட்டினார்கள். அந்தப் பழைய கொல்லர்களுக்குத் தங்கள் உலைக்குள் வனேடியம் இருப்பது தெரியாது. மக்லைன் நிலைதான்.

இப்போது அசல் அடமாண்டியத்தின் செய்முறைக்கு வருகிறேன். மார்வெலின் கையேடுகள் சொல்வது இது. சில வேதிப் பிசின்களைக் கலக்க வேண்டும். கலவையை 1,500 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் எட்டு நிமிடம்தான் அவகாசம். அதற்குள் வார்த்து, தட்டி, வடிவம் கொடுத்துவிட வேண்டும். இறுகிவிட்டால் முடிந்தது. மறுபடி சூடாக்கினாலும் இளகாது. மூலக்கூறுகளின் அமைப்பையே மாற்றும் கருவி ஒன்று இருந்தாலொழிய யாரும் அதைத் தொட முடியாது.

1,500 ஃபாரன்ஹீட் என்றால் ஏறக்குறைய 815 செல்சியஸ். இரும்பு உருக 1,500 செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதாவது அடமாண்டியம் வார்க்கப் பெரிய உலை தேவையில்லை. எங்கள் பட்டறை அடுப்பே போதும். எட்டு நிமிடம்தான் பயம். ஒரு ஷாஃப்ட் கடையும்போது நான் எத்தனை தடவை நிறுத்தி அளக்கிறேன்! அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் இன்னொரு முறை சீவிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அடமாண்டியத்தில் அந்த இன்னொரு முறை கிடையாது. தவறாக வார்த்த துண்டு உலகம் உள்ளவரை தவறாகவே இருக்கும். அதை உருக்கிக் கழிவாக விற்கக்கூட முடியாது.

இரண்டாம்தர அடமாண்டியம் எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அசல் உலோகத்தின் விலை பெரும் அரசுகளுக்கே கட்டுப்படியாகாது, செய்முறையும் இரகசியம். அதனால் மலிவான ஒரு கலவை பிறக்கிறது. சாதாரணத் துப்பாக்கி, வெடி எதற்கும் அது அசையாது. ஆனால் மிகப் பெரிய விசை கொடுத்தால் உடையும். அசல் உலோகமோ அணுகுண்டையே தாங்கும். கட்டடத்துக்கும் இயந்திர உறைக்கும் அத்தனை வலிமை எதற்கு?

எங்கள் கடற்கரையில் இதை நாள்தோறும் பார்க்கிறேன். எவர்சில்வர் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பதில் குறைந்தது மூன்று வகை பட்டறைக்கு வருகிறது. 304 என்பதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 316 என்பதில் அவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேரும். கடல் உப்பைத் தாங்குவது அந்தச் சிறு சேர்க்கைதான். 202 என்பதில் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டிருப்பார்கள். மூன்றும் பளபளக்கும், காந்தம் மூன்றிலும் சரியாக ஒட்டாது. ஆறு மாதம் தனுஷ்கோடிப் பக்கத்துக் காற்றில் வைத்தால்தான் தெரியும். 202 பழுப்பேறிவிடும், 304இல் தேநீர்க் கறைபோலப் புள்ளிகள் விழும், 316 நிற்கும். ஒரு முறை 316 என்று சொல்லி ஒரு வியாபாரி கொடுத்த குழாயில் படகுக் கைப்பிடி செய்து கொடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அது துருவோடு திரும்பி வந்தது. என் செலவிலேயே மாற்றிக் கொடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. மூன்றில் எது இழிவு என்று கேட்டால், எதுவுமே இல்லை. வீட்டுச் சமையலறைக்கு 304 நன்றாகவே போதும். இரண்டாம்தரம் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான சரக்கு. அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

உங்கள் கேள்விக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது, தம்பி. வலிமை என்பதை ஒரே குணமாக எடுத்துக்கொண்டீர்கள். உடையாமை வேறு, கீறல் விழாமை வேறு, வளையாமை வேறு, துருப்பிடிக்காமை வேறு. வார்ப்பிரும்பு வளையாது, ஆனால் சம்மட்டி அடியில் உடையும். ஈயம் உடையாது, நகம் பட்டால் கீறும். அடமாண்டியம் என்ற ஒரு சொல் நான்கையும் ஒன்றாக மூட்டை கட்டிவிட்டது. அந்தப் பெயரின் வேர் கிரேக்கம். அடக்க முடியாதது என்று பொருள். டயமண்ட் என்ற சொல்லும் அதே வேரில்தான் கிளைத்தது. தமிழில் வயிரம் என்ற சொல் இரத்தினத்தையும் குறிக்கும், மரத்தின் நடுவே இறுகிய கட்டையையும் குறிக்கும். வள்ளம் கட்டும் ஆசாரி வயிரம் பாய்ந்த கட்டையைத்தான் தேடுவார். வெளி வெள்ளை சீக்கிரம் புழுத்துவிடும். ஆனால் அந்த வெள்ளை வழியாகத்தான் உயிருள்ள மரத்தில் நீர் ஏறுகிறது. மரத்துக்கு இரண்டும் வேண்டும்.

குறைந்த வகைகள் இந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டுகின்றன. கார்பனேடியத்தைப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் அடமாண்டியத்தைச் செய்ய முயன்று எட்டிய இடம் அது. 1992இல் வந்த எக்ஸ்-மென் 4ஆம் இதழில் அறிமுகமான ஒமேகா ரெட் என்பவனின் கைகளிலிருந்து நீளும் சுருள்கள் அதனால் ஆனவை. அசலைவிட வலிமை குறைவு. ஆனால் வளையும், சுருளும், நீளும். இறுகிவிட்ட அசல் அடமாண்டியம் அப்படி வளையாது. கூடவே அது கதிரியக்கம் உள்ளது. அதை உடலில் வைத்திருப்பவனையே தின்கிறது. காயம் தானே ஆறும் வரம் பெற்றவர்களுக்கும் கார்பனேடியம் பட்ட புண் மெதுவாகத்தான் ஆறும். அதனால், எலும்பிலும் நகத்திலும் அடமாண்டியம் பாய்ந்த வுல்வரின் என்ற நாயகன் போன்றவர்களுக்கு அசலைவிட இந்த நகல்தான் ஆபத்து. ஒமேகா ரெட் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கருவியைத் தேடி அலைவதே அவனுடைய கதை. தோற்ற நகல் ஒன்றிலிருந்து இத்தனை துயரம் பிறந்ததைப் படித்தபோது, எழுதியவர்களை மனதாரப் பாராட்டினேன்.

பீட்டா அடமாண்டியம் இன்னும் நுட்பமானது. வுல்வரின் 1974இல் ஹல்க் இதழ்களில் அறிமுகமானவர். அவருடைய எலும்பில் உலோகம் பாய்ச்சப்பட்ட கதையை 1991இல் பாரி வின்ட்சர்-ஸ்மித் விரிவாக எழுதி வரைந்தார். அடமாண்டியத்தை முதன்முதலில் வரைந்த அதே கை அது. எலும்பு வெறும் கம்பி அல்ல. அதற்குள் மஜ்ஜை இருக்கிறது, இரத்த அணுக்கள் பிறக்கின்றன. முழு உலோகத்தால் மூடினால் மனிதன் செத்துவிடுவான். வுல்வரினின் உடல் தன்னை ஆற்றிக்கொள்ளும் திறனால் அந்த உலோகத்தின் அமைப்பையே மாற்றி, எலும்பு தன் வேலையைச் செய்ய இடம் விடும்படி ஆக்கிக்கொண்டது. அதுதான் பீட்டா வகை. வலிமையில் குறைவு இல்லை. உயிரோடு ஒத்துப்போகும் குணம் மட்டும் கூடியிருக்கிறது. அத்திறன் இல்லாத புல்ஸ்ஐ என்ற கொலைகாரனுக்கு எலும்புகளின்மேல் உலோகப் பட்டைகளாகத்தான் பொருத்த முடிந்தது.

இதற்கு நிகரான ஒன்று எவர்சில்வரிலேயே இருக்கிறது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. கீறினால் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானே மூடிக்கொள்ளும். அதுதான் துருவைத் தடுக்கிறது. படகின் அடியில் சிப்பி ஒட்டிக்கொண்ட இடத்திலும், வாஷருக்கு அடியிலுள்ள இடுக்கிலும் ஆக்சிஜன் போகாது; படலம் ஆறாது; உப்பு உள்ளே குடைந்துவிடும். வெளியே பளபளவென்றிருக்கும் போல்ட்டைக் கழற்றினால் கழுத்து பாதியாகத் தேய்ந்திருக்கும். வுல்வரினும் ஆற்றும் திறனை இழந்த பிறகுதான் 2014இல் இறக்கிறார். உருகிய அடமாண்டியம் மேலே கொட்டி இறுகிவிடுகிறது. அழியாத உலோகமே அவருக்குப் பெட்டியாகிவிட்ட அந்தப் பக்கத்தை என்னால் விரைவாகப் புரட்ட முடியவில்லை.

வைப்ரேனியம் முற்றிலும் வேறு சரக்கு. வக்காண்டா என்ற கற்பனை நாட்டில் கிடைப்பது அதிர்வை விழுங்கும். 1966இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 53ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு அதற்குச் சில மாதம் முன்பே டேர்டெவில் 13ஆம் இதழில் அண்டார்க்டிக் வகை வந்துவிட்டது. அது அதிர்வை விழுங்காது. மற்ற உலோகங்களை இளக்கிக் கரைக்கும். அசல் அடமாண்டியமும் அதன் முன் நிற்காது. 1999இல் கர்ட் பியூசிக் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த கதையில் அடமாண்டிய அல்ட்ரானை வீழ்த்தியது இந்த வகைதான். ஆக உங்கள் 'அழியவே அழியாது' அங்கேயே முடிந்துவிட்டது.

அதிர்வை விழுங்கும் உலோகம் புதிரல்ல. என் லேத்தின் அடிப்படுக்கை சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அதைத் தட்டினால் தொம்மென்று அடங்கும். எஃகுக் கம்பியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வார்ப்பிரும்புக்குள் செதில் செதிலாக இருக்கும் கிராஃபைட் அதிர்வை உள்ளேயே தேய்த்துச் சூடாக்கிவிடுகிறது. அதனால்தான் அதன்மேல் கடையும் வேலை நடுங்காமல் வருகிறது. வைப்ரேனியமும் அப்படித்தான், ஆனால் விழுங்கியதைச் சேர்த்து வைக்கும், அளவு மீறினால் வெடிக்கும். அடியைத் திருப்பி அனுப்பாத உலோகமும் அடிக்கு வளையாத உலோகமும் சேர்ந்ததால்தான் கேடயத்துக்கு அந்தப் பெருமை. அதுவும் உடையாமல் இல்லை. 1991இல் தானோஸ் என்ற வில்லன் உடைத்தான், 2011இல் செர்ப்பன்ட் என்ற இன்னொரு வில்லன் கையாலேயே கிழித்தான். வுல்வரினின் நகமா கேடயமா என்றால் கேடயம் என்பேன். மூத்தது அதுதான்.

மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி காமிக்ஸ் பக்கம் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: அவர்களுடைய கெட்டி உலோகங்களில் ஒன்றுக்கு ப்ரோமீதியம் என்று பெயர். நிஜமாகவே அந்தப் பெயரில் 61ஆம் தனிமம் இருக்கிறது. கதிரியக்கத்தால் தானே சிதைந்துபோகும் தனிமம் அது. பள்ளித் தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று உங்கள் தம்பி தங்கைகளிடம் சொல்லுங்கள்.

இந்தக் கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. உலோகத்தைச் சோதிக்க எப்போதும் அடிதான்: குத்து, குண்டு, இடி. உப்பும் காலமும் அதைத் தொடுவதே இல்லை. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தின் கர்டர்களையும் கடலில் தள்ளியது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டுக் கட்டினார்கள். புயலின் அடியிலிருந்து அது எழுந்துவிட்டது. உப்பு மெல்ல மெல்லத் தின்றதில்தான் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் எவர்சில்வர் கம்பிகள், முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள், பாலிசிலாக்சேன் பூச்சு எல்லாம் இருக்கின்றன. காரைக்குடியிலுள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் மண்டபம் கடற்கரையில் தகடுகளைக் காற்றில் நிறுத்தி அரிப்பைச் சோதிக்கிறார்கள். அடமாண்டியத் தகடு ஒன்றை அந்த வரிசையில் நிறுத்தும் கதையை யாராவது எழுதினால் முதல் பிரதி நான் வாங்குவேன்.

கடைசிக் கேள்வி: கிடைத்தால் என்ன செய்வேன்? அசலை வாங்க மாட்டேன். அதில் ஒரு ஷாஃப்ட் போட்டு, படகு பாரில், அதாவது கடலடிப் பாறையில், மோதினால் ஷாஃப்ட் வளையாது. அந்த அடி அப்படியே கியருக்குப் போகும், அங்கிருந்து இன்ஜினுக்கும் பலகைக்கும். வுல்வரினின் எலும்பு உடையாததால் அடி அத்தனையும் சதைக்கும் மூளைக்கும் போகிறது. அவருக்கு ஆறிவிடும், படகுக்கு ஆறாது. இரண்டாம்தர அடமாண்டியம் கொஞ்சம் கிடைத்தால் லேத்துக்கு வெட்டுமுனை செய்துகொள்வேன். எவர்சில்வரைத் துளைக்கும்போது கை ஒரு நொடி தயங்கினாலும் அந்த இடம் இறுகிப்போய் சாதாரண முனையைத் தின்றுவிடுகிறது.

படகின் பின்புறம் வெளியே பொருத்தும் சிறிய மோட்டாரின் விசிறியில் ஒரு சிறு பித்தளை ஊசி இருக்கும். ஷியர் பின் என்போம். விசிறி பாரில் இடித்தால் அதுதான் முதலில் முறியும், அப்படி முறியத்தான் அதை வைக்கிறார்கள். கியர் தப்பிவிடும். கடலிலேயே புதிய ஊசியைச் செருகிக்கொண்டு கரைக்கு வந்துவிடலாம். என்னிடம் வரும் நாட்டுப்படகுக்காரர்கள் ஐந்தாறு ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஊசியை நான் பித்தளையில்தான் கடைவேன்.